மலை தெரியும் வளைவில் ஒரு ஹாரன்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு நாள், காரில் உட்கார்ந்துகொண்டு மாடியில் இருந்த மனைவியைக் கூப்பிட ஹாரனை ஒரு தட்டுத் தட்டினேன். நம் ஊரில் அதற்கு ‘நேரமாச்சு, இறங்கி வா’ என்று பொருள். இங்கே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழ்வீட்டு அம்மா வீட்டுச் செருப்போடு ஓடிவந்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். ‘இல்லை, என் மனைவிக்காக’ என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் மொழியில். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனவரை மனைவி இறங்கி வந்துதான் தடுத்தாள்.

இந்த ஊரில் எனக்கு வாய்த்த வேலையும் சத்தத்தைப் பற்றியதுதான். தெருத் தெருவாக வண்டிச் சத்தத்தைக் கணக்கிட்டு, வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டுவோம். சிவப்புக்குள் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ சிக்கினால் வேகத்தைக் குறைப்பார்கள், சத்தம் குறைந்த தார் போடுவார்கள், சுவர் எழுப்புவார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சிறப்புப் பேருந்துகளின் இரைச்சலிலேயே தூங்கி வளர்ந்தவனை நம்பி இந்த வேலையைக் கொடுத்தார்களே என்று எனக்கே சிரிப்பு வரும்.

போன முறை லீவில் ஊருக்குப் போனபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கலைவாணி அக்கா, செங்கம் சாலையில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளியில் டீச்சர். பாடத்தைப் பாட்டாகவே நடத்துகிறவள். அவள் வாசலில் நின்று என்னை ‘வாடா’ என்றபோது காற்றுதான் வந்தது. ரோட்டுச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டையில் கட்டி வந்திருந்தது. இப்படியே கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விடுவதற்கு எழுதிக் கொடுக்கப்போவதாக அக்கா சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அமைதி தேடிக் கொடுக்கிறேன், என் அக்காவுக்கு முடியாதா?

அன்றே மடிக்கணினியைத் திறந்தேன். எத்தனை வண்டிகள், என்ன வேகம், எப்படிப்பட்ட சாலை என்று இங்கே செய்வதுபோலவே எல்லாவற்றையும் போட்டு வரைபடம் எடுத்தேன். பள்ளி பச்சையில் விழுந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். “பச்சையா? ஒரு நாள் வந்து என் க்ளாஸ்ல உக்காந்து பாருடா” என்றாள்.

சத்தத்தை அளக்கும் ஒலிமானியோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டிகள் சாதாரணமாகத்தான் ஓடின. ஆனால் செங்கம் பக்கமிருந்து பஸ்ஸோ லாரியோ வேனோ, எது வந்தாலும் பள்ளி எதிரே இருக்கும் வளைவில் ஒரு நீண்ட ஹாரன். அக்கா பாதி வரியில் நிறுத்துவாள், மறுபடி கத்தித் தொடங்குவாள். இத்தனைக்கும் ‘ஒலி எழுப்பாதீர்’ என்ற பலகை அங்கேயே நிற்கிறது. குறுக்குச் சாலையும் இல்லை, சந்தையும் இல்லை. பின் எதற்கு இந்த ஹாரன்? ஜெர்மனியில் நாங்கள் போடும் கணக்கில் ஹாரனுக்கென்று ஓர் இடமே கிடையாது.

மறுநாள் செங்கத்திலிருந்து பஸ் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த வளைவு வந்தது. புளியமரங்கள் விலகி, மலை அடியிலிருந்து உச்சிவரை முழுசாகத் தெரிந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தியபடியே மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பார்த்தால், என் கையும் என் கன்னத்தில் இருந்தது.

“அண்ணா, போர்டு இருக்குதே, ஹாரன் அடிச்சீங்களே?” என்றேன்.

“ஹாரனா? நான் எங்கங்க அடிச்சேன்?” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “சாமிக்குல்ல குடுத்தேன்! அது ஹாரன் கணக்குல வராதுங்க.”

கும்பிடுகிறவரை எந்தப் பலகை தடுக்கும்? அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் சாமி இன்னும் முன்னதாகவே தெரிந்தால், அங்கேயே கும்பிட்டுவிடுவார்களே? அக்காவும் நானும் சாலையோடு செங்கம் பக்கமாக நடந்தோம். பள்ளிக்கு வெகு முன்பே, இரு பக்கமும் வெறும் நெல்வயல் இருக்கும் இடத்தில், மலை தெரிய வேண்டும். ஆனால் அங்கே ஒரு பெரிய விளம்பரத் தட்டி குறுக்கே நின்றது. ‘மலை தரிசன மனைகள் விற்பனைக்கு’ என்று அதில் எழுதியிருந்தது.

மனை விற்கிறவரிடம் அக்காவே பேசினாள், அந்தக் கிழிந்த குரலில். “அண்ணா, மலை தெரியற மனைன்னு எழுதி, மலையையே மறைச்சு வச்சிருக்கீங்களே. தட்டிய எடுத்துட்டா மலையே உங்களுக்கு விளம்பரம் பண்ணுமே.”

அவர் ஒரு நிமிஷம் தட்டியைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “டீச்சரம்மா சொன்னா சரிங்க” என்று ஆட்களை வைத்து இறக்கிவிட்டார். கும்பிடும் இடம் இதுதான் என்று தெரிய, பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஒரு கல்லுக்குக் காவி அடித்து மூன்று திருநீற்றுப் பட்டை தீட்டினார்கள். முதலில் சில டிரைவர்கள் இரண்டு இடத்திலும் கும்பிட்டார்கள். கை பழக வேண்டாமா! போகப் போக ஹாரனெல்லாம் வயலோடு நின்றது.

நான் விமானம் ஏறும் முன் மறுபடி அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் ஒன்று வளைவைச் சும்மா கடந்து போனது. அக்கா கத்தாமல் ஒரு பாடத்தை முழுசாகச் சொல்லி முடித்தாள். “டீச்சர், ஃபேன் சத்தம் கேக்குது” என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஏதோ அதிசயம்போல. ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து கூவ வேண்டும்போல இருந்தது. கூவினால் அக்கா வெளியே அனுப்பிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன். இதேபோல ஊர் முழுவதற்கும் வரைபடம் வேண்டும் என்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்தோம். அதில் ஹாரனுக்குத் தனி நிறம் உண்டு.

நேற்று அக்கா வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். வேலையை விடவில்லை, தொண்டையில் கட்டி கரைந்துகொண்டு வருகிறதாம். நம்ப மாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, வகுப்பில் பாடுவதையே பதிவு செய்திருந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பாட்டுக்குப் பின்னால், வயல்களுக்கு அந்தப் பக்கம், கொசு அளவுக்கு ஒரு ஹாரன். ஒரு கை தானாக ஸ்டியரிங்கின் நடுவுக்குப் போய், அழுத்தாமல் நின்றது. மறுகை கன்னத்தைத் தொட்டது. கீழ்வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தவர், தனக்குத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து, சிரித்தபடி திருப்பிக் கை காட்டினார்.