அம்மாவின் தாலிச் செயினில் தொங்கிய ஊக்கு

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் நடந்தது இது. கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. நான் கல்யாணமாகி வானவடியில் கணவரோடு இருந்தேன். தலைப்பிரசவம். ஐந்தாம் மாதத்தில் டாக்டரம்மா வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு கூடுதலாக ஒன்றையும் எழுதிக்கொடுத்தார். அதில்தான் வந்தது வினை. என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதாம்.

எனக்கு ஒரு நாளும் மஞ்சள் காமாலை வந்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. "சில பேர் உடம்புல இது சத்தமே இல்லாம வருஷக்கணக்கா குடியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. என்னைவிடக் குழந்தையைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. பிரசவத்தின்போது கிருமி குழந்தைக்குப் போய்விடலாம். பிறந்தவுடனே இரண்டு ஊசி போட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். தடுத்ததா இல்லையா என்பது குழந்தைக்கு ஒரு வயது தாண்டிச் சோதித்தால்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

வீட்டில் எல்லோரையும் சோதிக்கச் சொன்னார்கள். நல்லவேளை, கணவருக்கு இல்லை; உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டார். அப்பா, அம்மா இருவருக்கும் இருந்தது.

அம்மா செய்த முதல் காரியம், பரணிலிருந்து எவர்சில்வர் தட்டு, டம்ளர்களை இறக்கியதுதான். எங்கள் மூவருக்கும் ஒரு செட், மாப்பிள்ளைக்குத் தனி. இரண்டாவது காரியம், இதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியது. முக்கியமாக, கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமியாருக்குத் தெரியவே கூடாது.

ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு என்றதும், நகரில் கிருமி ஆராய்ச்சி செய்கிற இடத்திலிருந்து ஒருவர் டாக்டரம்மா மூலம் எங்களைத் தேடி வந்தார். மராத்திக்காரப் பெண், ஏறக்குறைய என் வயது. ஒரே வீட்டுக்குள் இந்தக் கிருமி எப்படி ஆளுக்கு ஆள் போகிறது, போகும்போது எப்படி மாறுகிறது என்று பார்க்க எங்கள் ரத்தம் வேண்டுமாம். "நம்ம வீட்டு அசிங்கத்த எதுக்கு ஆராய்ச்சி பண்ணணும்?" என்று அப்பா முறுக்கிக்கொண்டார். "பொறக்கப்போற உங்க பேத்தி பேரனுக்குத்தான், அங்கிள்" என்று அந்தப் பெண் இந்தியில் சொன்னதும் பேசாமல் கையை நீட்டிவிட்டார்.

ரத்தம் எடுத்த பிறகு கேள்விகள். சவர பிளேடு, ஊசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா பெருமையாகத் தட்டு, டம்ளரைக் காட்டினார். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது, எல்லாவற்றையும் ஒன்றாகவே வையுங்கள் என்று அந்தப் பெண் சிரித்தார். பிறகு, "முள் குத்தினால் எப்படி எடுப்பீர்கள்?" என்றார்.

"யே ஹை நா, மேடம்!" இதோ இருக்கே என்று அம்மா தாலிச் செயினைத் தூக்கிக் காட்டினார். அதில் எப்போதும் ஊக்குகள் தொங்கும். இருப்பதிலேயே பெரியது அம்மாவின் ஆயுதம். அப்பா கையில் ஏறிய இரும்புத் துணுக்கு, என் கால் முள், பழுத்த கொப்புளம், எல்லாவற்றுக்கும் அதுதான். வேலை முடிந்ததும் முந்தானையில் ஒரு துடை, மறுபடி செயினுக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக்கு மட்டுமா? வரிசையில் யாருக்கு எது குத்தினாலும் "அக்கா, ஊக்கு!" என்று எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அம்மாவின் அரைகுறை இந்தியில் இத்தனையும் பெருமையாக வந்து விழுந்தது.

எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் நிறுத்திவிட்டார். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும் இந்தக் கிருமிக்கு என்று மெதுவாக, பக்குவமாக எடுத்துச் சொன்னார். அன்று சாயங்காலமே அம்மா ஊக்குகளையெல்லாம் கழற்றிவிட்டார். எனக்கு நினைவு தெரிந்து அம்மாவின் செயினை நான் அப்படி வெறுமையாகப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தன் நோயைப் பற்றிய கவலை இல்லை. வரிசையில் யார் யாருக்குக் குத்தினோம் என்ற கவலை. சொன்னால் மானம் போகும், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணின் வாழ்க்கை என்னாகும் என்று அப்பா வாயை அடைத்துவிட்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. மாமியார் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். கூடம் கொள்ளாத கூட்டம். எதிர்வீட்டு அத்தை என் கையில் வளையல் ஏற்றும்போது ஒன்று பட்டென்று உடைந்தது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் கேட்க வேண்டுமா? பெண்கள் எல்லோரும் "அடடா" என்றார்கள். கண்ணாடிச் சில்லு அத்தையின் விரலில் ஏறிவிட்டது. அவர் பழக்க தோஷத்தில், அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலை நீட்டி, "அக்கா, ஊக்கு குடு" என்றார்.

அம்மாவின் கை செயினுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. தொலைந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினார். அம்மா என்னைப் பார்த்தார். சொல்லு என்று நான் தலையசைத்தேன்.

"என் ஊக்கு இனிமே யாருக்கும் வேணாம்டி" என்றார் அம்மா. "எங்க வீட்ல மூணு பேரு ரத்தத்துலயும் காமாலைக் கிருமி இருக்கு. என் ஊக்கு யார் யாரு மேல பட்டுச்சோ, அவங்க எல்லாம் எங்கூட வாங்க. டாக்டர்கிட்ட டெஸ்ட் பண்ணிக்கலாம். தெரியாம செஞ்சிட்டேன், தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியல."

இரண்டு மூன்று பேர் சாப்பிடாமலே எழுந்து போனார்கள். நான் மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உடைந்த சில்லுகளை ஒரு காகிதத்தில் ஒதுக்கிவிட்டு, அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குழந்தைக்கு என்ன பண்ணோணும்னு டாக்டரு சொன்னாங்க, சம்பந்தி?" பிறகு மிச்ச வளையல்களை என் கையில் அவரே ஏற்றினார். எதிர்வீட்டு அத்தை புது ஊசியைக் கொதிக்கவைத்துத் தன் சில்லைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டார். அன்று அம்மாவை நினைத்து எனக்கு வந்த கர்வம், என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

வரிசையில் பாதிக்கு மேல் சோதித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு இருந்தது. அது அம்மாவின் ஊக்காலா, வேறு எதனாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அவருக்கு வேளையோடு வைத்தியம் கிடைத்தது. குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள். எழுந்து போனவர்களில் ஒருவர் மட்டும் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். அந்த இரண்டு ஊசிகளில் ஒன்றை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் அதை அப்பாதான் கொண்டுவந்தார். வேலைக் காலம் முழுக்க வெடிமருந்தோடு புழங்கிய மனிதர், அதைவிடப் பத்திரமாக அந்த பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். தொடைக்கு ஒன்றாகப் போட்டார்கள். குழந்தை ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள்.

மகளின் முதல் பிறந்தநாள் முடிந்ததும் ஆராய்ச்சிக்காரப் பெண் மறுபடி வந்தார், குழந்தையின் ரத்தம் எடுக்க. எங்கள் ரத்தத்தில் கண்டதையும் சொன்னார். அம்மாவிடம் இருந்தது ஒரு வகைக் கிருமியாம், அப்பாவிடம் இருந்தது வேறு வகை. இரண்டும் எனக்குள் வந்து, ஒன்றின் துண்டும் மற்றதன் துண்டும் ஒட்டிப் புதிதாக ஒரு கலப்புக் கிருமி உண்டாகியிருக்கிறதாம். இதைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூக்கு என்னுது, கோவம் அவளுது. கிருமில மட்டும் ரெண்டு பேருக்கும் சமபங்கா?" அம்மா வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

குழந்தையின் முடிவு வரும்வரை அந்தச் சிரிப்பு திரும்பவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே அம்மா ஓடுவார். ஒரு நாள் அந்தப் பெண்ணே நேரில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "ஆன்ட்டி, உங்க பேத்தியோட ரத்த டியூப் எங்களுக்கு எதுக்கும் உதவாது. அதுல ஆராய்ச்சி பண்ண ஒண்ணுமே இல்ல!"

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா பேடா வாங்கிக்கொண்டு வந்து, "என் பேத்தி சயின்ஸ்ல முட்டை!" என்று வரிசை முழுக்க வீடு வீடாகக் கொடுத்தார். படி ஏறாத அந்த வீட்டுக்கும்தான். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் கொடுத்த கிருமி என்னோடு நின்றுவிட்டது. அன்று அந்தக் கூடத்தில் அம்மா வாய் திறந்து சொன்னாரே, அந்தத் துணிச்சல் மட்டும் எனக்குப் பிறகு என் மகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இன்றும் ஆசைப்படுகிறேன்.