செத்த பிறகு படித்த மனு

வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில், எங்கள் கப்பல் கம்பெனியில் நாங்கள் ஒன்பது தமிழ் குமாஸ்தாக்கள். எங்களுக்கு மேலே ஒரு தமிழ் ஹெட் கிளார்க். எட்டு மணி நேரமும் நாங்கள் புகழ்ந்தது அவருக்குப் போதவில்லை. சரஸ்வதி பூஜைக்கு நாடகம் என்று அறிவித்து, அதை அவரே எழுதி, ரோமாபுரித் தளபதியாக அவரே நடிக்கவும் சம்மதித்துக்கொண்டார்.

தளபதி நாடு நாடாக ஜெயித்து, ஆயுள் முழுக்க நானே அதிகாரி என்று உட்கார்ந்து, கடைசியில் கூட இருந்தவர்கள் கையாலேயே குத்துப்பட்டுச் சாகிறான். ஜெயிப்பதற்கு இரண்டரை மணி, சாவதற்கு ஐந்து நிமிஷம் என்று ஒதுக்கியிருந்தார். நடுவில் கிரீடத்தை மூன்று தடவை வேண்டாமென்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் ஒருநாள்கூட இரண்டாவது தடவைக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

குத்துகிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர். யார் முதலில் குத்துவது என்று ஒரு வாரம் சண்டை. சர்வீஸ் வரிசைப்படி என்று முடிவாயிற்று. நான் டெம்பரரி, அதனால் கடைசி.

என் கவலை வேறு. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் மனைவி கும்பகோணத்தில் அவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள். வேலை நிரந்தரமானால்தான் கம்பெனி குடியிருப்பில் இடம் கிடைக்கும், அவளை அழைத்துக்கொள்ளலாம். அதற்கான மனுவை மூன்று மாதமாக ஹெட் கிளார்க்கிடம் நீட்டினேன். "அப்புறம்" என்பார். நாடகத்தில், சபைக்குப் போகும் வழியில் தளபதி கையில் ஒருவன் எச்சரிக்கைக் கடிதம் திணிப்பான். அந்தச் சுருளுக்குப் பதில் என் மனுவை வைத்துவிட்டேன். அந்தக் கடிதத்தைப் படிக்காததால்தான் தளபதி சாகிறான் என்பது என் மகா மூளைக்கு உறைக்கவில்லை.

அன்று மேடையில் முதல் எட்டுப் பேரும் குத்தினார்கள் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். சால்வையில் தூசி தட்டினார்கள். தளபதி தூண் மாதிரி நின்றார். என் மனு பிரிக்காமலே அவர் கையில் இருந்தது. எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. மூன்று மாதத்து "அப்புறம்" எல்லாவற்றையும் சேர்த்து, மரக்கத்தியால் விலாவில் ஒன்று வைத்தேன். "ஐயோ அம்மா" என்று விழுந்தார். அந்த வசனம் நாடகத்தில் கிடையாது. முன்வரிசை வங்காளிகள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு எங்களில் மூத்தவர் பிணத்தின் பக்கத்தில் நின்று கால் மணி நேரம் புலம்பினார். பிணத்துக்குப் பொழுது போகவில்லை. மெல்லக் கையைத் தூக்கி, சுருளைப் பிரித்து, படிக்க ஆரம்பித்தது. ஓரத்தில் நின்ற நான் மெல்லத் திரைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார். விலாவில் பற்றுப் போட்டிருந்தார்.

"மனுவைப் படிச்சேன். கையெழுத்து நன்னாருக்கு."

"சார், நிரந்தரம்..."

"மத்த எட்டுப் பேருக்கும் மேலதிகாரியை எப்படிக் குத்தணும்னு தெரிஞ்சிருக்கு. உமக்கு இன்னும் ரெண்டு வருஷ அனுபவம் வேணும்."

மனைவிக்கு என்னவென்று எழுதுவது? வெட்கமாக இருந்தது. நாடகம் பிரமாதம், சபையே எழுந்து நின்று எனக்குக் கைதட்டியது என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

அவள் பதிலில் ஒரே வரிதான் இருந்தது: "மனுவைக் கொடுத்தீர்களா?"