எழும்பினால் சாட்சி, இருந்தால் பிரதிநிதி

விசாரணைக்கு அழைத்து வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பந்தி இருந்தது. மேன்முறையீடு செய்பவர் தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியைக் கூட்டி வரலாம். அவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பின் தாள்களைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், முடிவில் வாதம் சொல்லலாம். அதை நான் பஸ்ஸில் மூன்று தரம் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான்தான். அப்பா கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். என்னைப் போன்ற ஒருவனுக்கு அரசாங்கத்தின் முன்னால் வாய் திறக்க உரிமை இருக்கிறது என்று அச்சில் கண்டது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொலிஜ் முடித்துவிட்டு, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு சமூக நிலையத்தில் எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். நான் அன்ரி என்று கூப்பிடும் அந்தப் பெண் அங்கேதான் உதவி கேட்டு வந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். கணவரைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனபின் எந்தத் தகவலும் இல்லை. ஆனாலும் தாலியைக் கழற்றவில்லை. வெல்பெயர் என்ற அரசாங்க உதவிப் பணத்தில்தான் குடும்பம் ஓடியது. மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை வீடு. ஒன்றில் தாயும் பிள்ளைகளும். மற்றதில் ஒரு அண்ணை வாடகைக்கு இருந்தார். பிக்கரிங்கில் தொழிற்சாலை வேலை, அறைக்குத் தனிப் பூட்டு, பிரிஜ்ஜில் தனித் தட்டு.

அந்தக் காலத்தில் விதி மாறியது. ஒரே வீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் இருந்தால் முதல் நாளிலிருந்தே கணவன் மனைவியாகக் கருதுவார்கள். ஆணின் சம்பளம் இருக்கிறதென்று பெண்ணின் உதவியை நிறுத்துவார்கள். கணவன் மனைவி இல்லை என்று காட்டுவது அந்த இருவரின் பாடு. அன்ரியின் வீட்டுக்கு வந்த அதிகாரி லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, வாங்கிப் பார்த்தார். இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. அடுத்த மாதமே உதவி நின்றது. அன்ரி மேன்முறையீடு செய்தார்; பஸ்ஸில் நான் வாசித்தது அதற்கு வந்த கடிதம்.

அந்த லீஸை நிரப்பியது நான்.

வேலைக் கடிதம் இல்லாத பெண்ணுக்கு வீடு தரமாட்டேன் என்று கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்டென்டன்ற் சொன்னார். அறை தேடிக்கொண்டிருந்த அண்ணையிடம் வேலைக் கடிதம் இருந்தது. இருவருக்கும் அதற்கு முன் பழக்கமே இல்லை. இருவரையும் தெரிந்தவன் நான். சுப்பரின்டென்டன்ற்றின் மேசையில் வைத்து, அவர் சொல்லச் சொல்ல, இரண்டு பெயரையும் என் கையாலேயே எழுதினேன். வெளியே வரும்போது கெட்டித்தனமாக ஒரு வேலை பார்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆக, அந்தப் பெயர்கள் ஏன் சேர்ந்தன என்று எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர். அண்ணையைச் சாட்சிக்கு வரச் சொல்வோம் என்றேன். அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரும் நானும் ஒண்டாப் போய் இறங்கினா அவங்கள் என்ன நினைப்பாங்கள்? கேஸே அதுதானே தம்பி."

அண்ணை சிரித்தார். "நான் வந்தா, புருஷனையே கூட்டிக்கொண்டு வந்திட்டா எண்டு எழுதிப்போடுவாங்கள்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் ஆட்கள் மத்தியில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

"நீங்கள் ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ அன்ரி. உங்களுக்காக நான் கதைப்பன்," என்றேன்.

விசாரணை நகர மையத்தில், ஒரு அலுவலகக் கட்டடத்தில், காலை பத்து மணிக்கு. அன்ரி கோயிலுக்குப் போவதுபோல் சீலை கட்டி, அதன்மேல் யாரோ கொடுத்த குளிர்கோட்டுப் போட்டிருந்தார். நீதிமன்றம் மாதிரி எதுவும் இல்லை. ஒரு நீள மேசை, தண்ணீர்க் குவளைகள். மேசையின் தலைப்பக்கத்தில் விசாரணைச் சபையின் உறுப்பினராக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எங்களுக்கு எதிரே உதவித் துறையின் அதிகாரி, ஓரத்தில் சபை ஒழுங்குசெய்த தமிழ் மொழிபெயர்ப்பாளர். உறுப்பினர் கடுமையானவர் அல்ல. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

முதலில் அதிகாரியை நான் கேள்வி கேட்டேன். அறைக்குப் பூட்டு இருந்ததைக் கண்டீர்களா? கண்டேன் என்றார். அவர்கள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவதைக் கண்டீர்களா? இல்லை என்றார். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிறகு அன்ரியின் முறை.

"இந்த லீஸில் உங்கள் பெயரோடு அவருடைய பெயர் ஏன் இருக்கிறது?" என்று உறுப்பினர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அன்ரி என்னைப் பார்த்தார்.

"தம்பி சொல்லுவார்."

"உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"தம்பிதானே நிரப்பினவர். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நான் வாய் திறந்தேன். அன்று நான் அங்கே இருந்தேன் என்று தொடங்கியபோதே உறுப்பினர் கையை மெல்ல உயர்த்தி விளக்கினார். நான் பிரதிநிதி. கேள்வி கேட்கலாம், வாதம் சொல்லலாம். என் கண்ணால் கண்டதைச் சொல்வது சாட்சியம். பிரதிநிதி சாட்சியம் சொல்ல முடியாது. சொல்வதென்றால் இந்த இடத்தை விட்டு எழும்பி, சாட்சியாகச் சத்தியம் செய்ய வேண்டும். அப்போது இவருக்காகப் பேச வேறு ஒருவர் இருக்கிறாரா?

ஒருவரும் இல்லை. வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கக் கேட்டேன். தாள்கள் வேளைக்கே கிடைத்துவிட்டனவே என்றார் அதிகாரி. அது உண்மை. உறுப்பினர் மறுத்தார். ஆனால் அன்ரி தனக்காகத் தானே பேசச் சம்மதித்தால் நான் சாட்சி ஆகலாம், யோசியுங்கள் என்று ஐந்து நிமிடம் தந்தார்.

வெளியே நடையில் வைத்து விளங்கப்படுத்தினேன்.

"நான் எழும்பி அங்கால கதிரையில இருந்து நடந்ததைச் சொல்லுறன். நீங்கள் இங்கால தனிய இருப்பீங்கள்."

"அப்ப எனக்கு ஆர் கதைக்கிறது?"

"நீங்கள்தான் அன்ரி."

"எனக்கென்ன தெரியும் கதைக்க? நீங்கள் கதைப்பன் எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம். ஆனா லீஸ் விசயத்தை நான் சாட்சியாச் சொன்னாத்தான் எடுப்பினம்."

"அங்க இருந்தும் நீங்கள்தானே சொல்லப்போறீங்கள். கதிரை மாறினா உண்மை மாறுமே?"

விதியை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். "எழும்பாதேங்கோ தம்பி," என்றார். உள்ளே போய் இருந்தபின், மேசைக்குக் கீழே என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழும்பவில்லை.

மீதிக் கேள்விகளுக்கு ஓம், இல்லை என்று சொன்னார். அதற்கு மேல் போனால் என்னைப் பார்த்தார். ஒருவர் உங்களுக்காகப் பேச வந்திருக்கும்போது நீங்கள் இடையில் வாய் வைத்தால், அவரில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அன்ரி எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். மேசையின் மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது எதையோ ஒளிப்பதுபோல் இருந்தது. "உங்கள் கணவர் எங்கே?" என்று அதிகாரி கேட்டபோது, தாலியைச் சீலைக்குள் தள்ளிவிட்டுக் குனிந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

கடைசியில் என் வாதம். இரவிரவாய்ப் பாடமாக்கியதெல்லாம் தடக்காமல் வந்தது. லீஸுக்கு வந்தபோது, "சுப்பரின்டென்டன்ற் கேட்டதால் இரண்டு பெயரையும் எழுதியிருக்கலாம்," என்றேன். என் கையால் எழுதியதைப் பற்றி, 'இருக்கலாம்' என்று.

சில வாரத்தில் முடிவு வந்தது. லீஸைப் பற்றி மேன்முறையீட்டாளர் விளக்கம் எதுவும் தரவில்லை என்று ஒரு வரி. தள்ளுபடி என்று இன்னொரு வரி. இனித் தன்னால் அன்ரிக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அண்ணை ஒஷாவாவுக்குப் போய்விட்டார். அவருடைய பங்கு இல்லாமல் அந்த வீட்டை வைத்திருக்க வழியில்லை. மறுபரிசீலனை கேட்கலாம் என்று கடிதத்தில் இருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு மல்வேர்னுக்குப் போனேன்.

"இந்தமுறை லீகல் கிளினிக்கில, காசு வாங்காமக் கேஸ் கதைக்கிற ஒரு ஆளைப் பிடிப்பம் அன்ரி. அவர் கதைக்கட்டும். நான் சாட்சியா வாறன்."

அவர் தேத்தண்ணியை என் முன் வைத்தார்.

"தோத்தது உங்களுக்கு வெக்கமாப் போச்சு போல. விலகிறதெண்டா விலகுங்கோ. நான் குறை சொல்லமாட்டன்."

"ஐயோ, நான் விலகேல்லை அன்ரி."

"ஆரெண்டே தெரியாத ஒருத்தனுக்கு, என்ர வீட்டில ஆர் எங்க படுக்கிறதெண்டு நான் சொல்ல ஏலாது. உங்களுக்குச் சொன்னதே காணும்." படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "உங்கட பேரையே போடுங்கோ. இல்லாட்டி இதை இப்பிடியே விடுங்கோ."

வேறு பெயர் போட்டால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். என் பெயரைப் போட்டால் நான் மறுபடியும் தெரிந்ததைச் சொல்ல முடியாதவன். தேத்தண்ணி ஆறும்வரை பேசிப் பார்த்தேன். பிறகு, பிரதிநிதி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

மறுபரிசீலனை இல்லை என்ற கடிதம், பிரதிநிதி என்பதால், நிலையத்துக்கு என் பெயரில் வந்தது. அதற்குள் மல்வேர்ன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அன்ரியும் பிள்ளைகளும் ஒரு சொந்தக்காரரின் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்ற்றில் இருந்தார்கள். அங்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.