சாவி கொடுத்த பாட்டு

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்துவிட்டுப் பாட வராது என்றால் யாரும் நம்புவதில்லை. தைப்பிங் தேவாலயத்தில் நான் வாயைத் திறந்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் உதட்டை மட்டும் அசைத்துக் காலத்தை ஓட்டினேன். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது, பாட்டுத் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான்.

விட்டால்தானே! முதல் வருஷம் வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை, கணக்கு சரி, வாசிப்பு சரி, பாட்டு அடியோடு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த தடவையும் பாட்டு இல்லையென்றால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்வதாக மானேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் தைப்பிங்கில் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் அப்படித்தான்.

ஈப்போவில் இருந்த அத்தானிடம் ஒரு கிராமபோன் இருந்தது. அதை அவர் என் அக்காவைவிட அருமையாக வைத்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன்.

"பத்திரம். கண்டவங்க கை படக்கூடாது. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்குக் காலையில நானே வந்து எடுத்துக்குவேன்," என்றார்.

கூடவே ஒரே ஒரு இசைத்தட்டு கொடுத்தார். ஒரு பக்கம் முருகன் பாட்டு, மறுபக்கம் நாடகக் காதல் பாட்டு.

முருகன் பாட்டைப் பிள்ளைகளுக்குத் தினமும் போட்டேன். பெட்டி பாடியது, பிள்ளைகள் கூடவே பாடினார்கள், நான் வாயே திறக்கவில்லை. மத்தியானம் அவர்கள் வெளியே உட்கார்ந்து சாப்பிடும்போது மறுபக்கத்தை எனக்காகப் போட்டுக் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, என்ன பாட்டு அது!

அந்த நாளும் வந்தது. அத்தான் சொன்னபடியே காலை ரயிலில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், பாட்டுத்தான் மனப்பாடமாகிவிட்டதே என்று தைரியமாக இருந்தேன்.

துரையும் மானேஜரும் வந்து உட்கார, பிள்ளைகள் முருகன் பாட்டை ஆரம்பித்தார்கள். எடுப்பு கம்பீரமாக இருந்தது. மானேஜர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். "மயிலே" என்ற இடம் வந்தது. தட்டில் அங்கே ஒரு கீறல். "மயி, மயி, மயி, மயி" என்று அத்தனை பேரும் அதிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். தினமும் அங்கே ஊசியை விரலால் தள்ளிவிடுவது நான்தானே! காற்றில் விரலை நீட்டி லேசாகத் தள்ளினேன். பாட்டு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் குரல்கள் இழுத்தன, தடித்தன, எருமை கத்துகிற மாதிரி அடியில் போய்விட்டன. சாவி தீர்ந்துவிட்டதாம். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக் கரகரவென்று சுற்றினாள். பாட்டு மறுபடி எழும்பி ஓடியது.

துரை பேனாவைக் கீழே வைத்தார். புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர் அவர். "மிக்க நன்று! வேறொரு பாட்டும் உளதோ?" என்றார்.

இல்லை என்று நான் சொல்வதற்குள், சாவி கொடுத்தவள் முந்திக்கொண்டாள். "இருக்கு தொரை. தட்டத் திருப்பணும்லா!"

அத்தனை பிள்ளைகளும் எழுந்து, துரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். மறுபக்கம் தொடங்கியது. நான் சொல்லிக்கொடுக்காத காதல் பாட்டு, ஓர் எழுத்துப் பிசகவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

அந்தப் பெருமூச்சு தட்டில் கிடையாது. அது தினமும் மத்தியானம் நான் விட்டது.

துரை பாட்டுக்கு நேரே 'நன்று' என்று எழுதினார். அண்ணி தப்பித்தாள், நானும் தப்பித்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "இறுதியில் வந்த பெருமூச்சு உள்ளத்தை உருக்கிற்று. அதனைப் பயிற்றுவித்தவர் யார்?" என்று கேட்டார்.

"அது தட்டுலயே இருக்குதுங்க, தொரை," என்றேன்.