செக்கர் எடுக்காத டிக்கெட்

என் மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் டிக்கெட் எடுக்காத ஆளை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் பெண் கேட்டுப் போனபோதுகூட என்னை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்.

மாட்டியவர்கள் சொல்லும் சாக்குகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. "எல்லாரும்தான் எடுத்துட்டாங்களே, நான் ஒருத்தன் எடுக்கலேன்னா பஸ் நின்னுடுமா?" இதைச் சொன்னவனை இறக்கிவிட்ட பிறகும் அடுத்த ஸ்டாப் வரை திட்டிக்கொண்டே வருவாராம்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் பகுதியில் தட்டம்மை தலைகாட்டியது. இரண்டு மாதக் குழந்தைக்கு அதற்கான தடுப்பூசி போட முடியாது. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டால் நோய் அவள் வரைக்கும் வந்து சேர வழியிருக்காது என்று நர்ஸ் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சின்ன வயதில் ஊசியும் போடாத, அம்மையும் வராத ஆள் எங்கள் வீட்டில் மாமனார் ஒருவர்தான். அவரோ நழுவினார். தெருவில் நடந்த முதல் ஊசி முகாமன்று பல்வலி என்றார். இரண்டாவதன்று, வாழ்க்கையில் முதல்முறையாக, வீடு முழுக்க ஒட்டடை அடித்தார். ஊசி போடாமல் குழந்தையைத் தொடக்கூடாது என்று என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். மனிதர் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு, அங்கிருந்தே பேத்திக்குக் கிலுகிலுப்பை ஆட்டினார். எனக்கே பாவமாக இருந்தது.

கடைசி முகாமன்று நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தெருவே போட்டுக்கிச்சேம்மா," என்றார் மாமனார். "நான் ஒருத்தன் போடலேன்னா என்ன ஆயிடப் போகுது?"

என் மனைவி உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். படித்தார். சட்டைக் கையை மடித்தார். நர்ஸ் ஊசியின் மூடியைக் கழற்றும் முன்பே ஐயோ என்று கத்தினார்.

மூன்று வாரம் கழித்துப் பேத்தி அவர் மடிக்கு வந்தாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே வாசலில் நின்று, வருகிறவர்களை மடக்கி, ஊசிச் சீட்டைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்களையெல்லாம் கேக்கறீங்களே, உங்க பேத்தி போட்டுக்கிட்டாளா?" என்று மடக்கினார் மாடிவீட்டுக்காரர்.

மாமனார் அவரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"கைக்குழந்தைக்கு ஏதுய்யா டிக்கெட்? அதுக்கும் சேத்துதான் நாம எடுக்கறோம்."