எங்கள் வீட்டில் உயர்ந்த கைகள்

ஈரப் புல்லும் சேறும் தசைவலிக்குப் பூசும் தைலமும் ஒன்றாகக் கலந்த ஒரு வாசம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் லண்டன் ஸ்ட்ரெதத்தில் இருந்த எங்கள் வீட்டில் கண் விழித்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். மாடிப்படிக் கைப்பிடி, சூடில்லாத ஹீட்டர்கள், கதவுகளின் மேல்முனை, நான் இருந்து படிக்கும் கதிரை என்று துணி தொங்க இடமுள்ள எல்லாவற்றிலும் கையில்லாத பச்சை ஜேர்சிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டாருடையது இல்லை. நாங்கள் சலவைக்கடை நடத்துகிறோம் என்று பக்கத்து வீட்டு அம்மையார் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் வதக்கத் தொடங்கினால் அந்த வாசமும் ஜேர்சிகளில் ஏறிவிடும். வருகிற சனிக்கிழமை அவற்றைப் போட்டுக்கொண்டு ஓடப்போகிற வெள்ளைக்காரப் பையன்கள் அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பதை மட்டும் அவர்களுக்காக நான் இங்கே சொல்லிவைக்கிறேன். மற்றபடி அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்லதாக அதிகம் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தென் லண்டனில், ஆவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் ஆடும் ஒரு கிளப்புக்கு என் அப்பா கோச்சாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. கலியாணத்துக்கு முன்னர் மெல்பேர்ணில் எஞ்சினியரிங் படித்தபோது, தங்கியிருந்த வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் தன்னோடு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனதில் பிடித்த பைத்தியம் அது. லண்டனுக்கு வந்து, ஹவுன்ஸ்லோ பக்கம் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது தெளியவில்லை. ஒருநாள் பஸ்ஸில் இரண்டு இளைஞர்கள் பேசிய ஆவுஸ்திரேலிய உச்சரிப்பைக் கேட்டுத் திரும்பி, நீங்கள் ஆடுவீர்களா என்று கேட்டாராம். அந்த இரண்டு பேரில் இருந்துதான் எங்கள் கிளப் தொடங்கியது. அதில் ஒருவன் பெயர் கிரெக். பிறகு அவன்தான் கப்டன். தங்க இடமில்லாமல் நின்றபோது எங்கள் வீட்டு சோபாவில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்து, அம்மாவின் கையால் சாப்பிட்டு, அவரை "அம்மா" என்றே கூப்பிடப் பழகிக்கொண்டவன்.

அம்மா அந்தப் பந்தை "முட்டைப் பந்து" என்பார். ஆட்டத்தையும் அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், பெரிய வட்டமான மைதானம். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், பக்கத்து இடைவெளியில் போனால் ஆறுதலுக்கு ஒரு புள்ளி. லண்டன் பூங்கா எதிலும் இப்படி நான்கு கம்பம் கிடையாது. ஆகவே அப்பா நீளமான பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை வாங்கி, வெட்டி, பொருத்தி, காரின் கூரையில் கட்டிக்கொண்டு போவார். மாமா எங்கள் காரை "பிளம்பர் வண்டி" என்று கேலி செய்வார். ஆட்டத்துக்கு முன்னர் கம்பங்களை நட வேண்டும், கோடு போடும் வண்டியைத் தள்ளி மைதானத்தைச் சுற்றி வெள்ளை அடிக்க வேண்டும், முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிக் கட்ட வேண்டும். மைதானத்துக்காகக் கவுன்சில்காரர்களிடம் நடப்பதும் அவர்தான், நடுவரைத் தேடுவதும் அவர்தான், கணுக்கால்களுக்குப் பட்டி சுற்றுவதும் அவர்தான். ஜேர்சி கழுவுவதைப் பற்றி முதலே சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றிலும் கொடுமையானது வெள்ளிக்கிழமை டெலிபோன். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அப்பா டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைய ஆட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்கத் தொடங்கிவிடுவார். ஒரு வீட்டில் பத்துப் பேர் குடியிருந்த பையன்கள் அவர்கள். ஒருவனைக் கேட்டால் இன்னொருவன் எடுத்து, அவன் நேற்று கிரீஸுக்குப் போய்விட்டானே என்பான். உலகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை வைத்து அணி கட்டுவது ஓட்டைச் சட்டியில் தண்ணீர் மொள்ளுகிற வேலை. ஒவ்வொரு கோடையின் நடுவிலும் பாதி அணி காணாமல் போய்விடும், அப்பா மறுபடி பஸ்களிலும் மதுக்கடை வாசல்களிலும் ஆள் பிடிக்கப் புறப்படுவார். அம்மாவின் வசனம் எப்போதும் ஒன்றுதான். "இந்த மனிசன் ஊருக்கு உழைக்கப் பிறந்தது."

இவ்வளவையும் அவர் முகம் கோணாமல் செய்ததற்குக் காரணம் இருந்தது. அதை அம்மா அறியமாட்டார், எனக்குத் தெரியும். ஆட்கள் உறுதியானதும் அப்பா சமையலறை மேசையில் வறுத்த கடலையைப் பரப்பி, ஒவ்வொரு கடலையும் ஓர் ஆட்டக்காரன் என்று வைத்து, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். இவனை முன்னுக்கு விட்டால் என்ன, அவனுக்கு இடது கால் அல்லவா, எதிரணியின் அந்த உயரமான நெடுவலுக்கு யாரை நிறுத்துவது? வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த நான் ஒருமுறை பராக்கில் நடு ஆட்டக்காரனைத் தின்றுவிட்டேன். அப்பா ஏசவில்லை, அவனில்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். மறுநாள் மைதானத்தில், இடைவேளைகளில், அந்தப் பெரிய பையன்கள் வியர்வை வடிய அவரைச் சுற்றி வட்டமாக நின்று, தலையைக் குனிந்து, அவர் சொல்வதைக் கேட்பார்கள். விமான நிலையக் கொட்டகையில் யாரோ ஒரு சின்னப் பையனின் கீழ் வேலை செய்து, அவன் சொல்லுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிற என் அப்பா, அந்த வட்டத்துக்குள் நின்ற சில நிமிடங்களுக்காகத்தான் மற்ற எல்லாச் சுமையையும் தூக்கினார். எனக்கும் உலகத்தில் அதைவிடப் பெருமையான காட்சி வேறு இருக்கவில்லை.

மூன்றாவது பருவம் முடிகிற நேரத்தில் கிளப்புக்கு நல்ல காலம் பிறந்தது. அப்பா அலைந்து அலைந்து பிடித்த ஒரு பயண முகவர், வருகிற பருவத்திலிருந்து கிளப்புக்கு உதவி செய்வதாகவும், கோச்சுக்கு ஒரு சம்பளமே கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டார். பாதித் தொழில்முறைக் கிளப் ஆகிவிட்டோம் என்று அப்பா வீட்டில் சொன்னார். வருடாந்தக் கூட்டம் வழக்கமாக மதுக்கடையில் நடக்கும். அந்த முறை அங்கே திருத்த வேலை நடந்ததால், ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சாப்பாடும் போடலாம் என்று அப்பா அழைத்துவிட்டார்.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு பிழையை விடமாட்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் வீட்டுக்காரர் உட்காருவதில்லை. வந்தவர்கள் கைகழுவும்வரை நின்று பரிமாற வேண்டும், ஒரு சோற்றுக் கோப்பை வெறுமையாக இருந்தால் அது குடும்பத்துக்கே வெட்கம். தன்னைப் பற்றி முடிவு செய்யப்போகிற கூட்டமாகவே இருந்தாலும், அப்பாவுக்கு அது முதலில் விருந்து, பிறகுதான் கூட்டம். அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் சுற்றி, ஆட்டிறைச்சிப் பிரட்டலும் மஞ்சள் சோறும் ஆக்கியிருந்தார். அப்பா சமையலறைக்கும் ஹோலுக்கும் இடையில் தட்டங்களோடு ஓடிக்கொண்டிருந்தார். நான் கோப்பைகளை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.

எல்லோர் கையிலும் சாப்பாடு வந்ததும் கிரெக் எழுந்து கூட்டத்தைத் தொடங்கினான். அப்பாவுக்காகக் காத்திருப்போமா என்று யாரோ ஒருவன் கேட்டான். அவனுடைய பெயரை நான் மறந்துவிட்டேன், கேட்டதற்காக அவனுக்கு நன்றி. அவர் ஒன்றும் நினைக்கமாட்டார் என்றான் கிரெக். பிறகு, மெல்பேர்ணிலிருந்து புதிதாக வந்து இறங்கியிருந்த டேரன் என்பவனைக் காட்டி, ஊரில் பெரிய அணிக்கு ஆடியவன், சம்பளம் கொடுப்பதென்றால் இப்படி ஒருவனுக்குக் கொடுப்பதுதான் முறை என்று சொல்லி, சம்மதமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினார்கள். ஒரு கையில் என் அம்மாவின் ரோல்ஸ், மற்றக் கை மேலே. கேள்வி கேட்டவனும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கினான். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சோற்றுத் தட்டத்தோடு உள்ளே வந்தார். கைதட்டல் சாப்பாட்டுக்கு என்று நினைத்து, கூச்சத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை இல்லை, அவரை அப்படிச் சிரிக்க வைத்தவர்களை.

கிரெக் வந்து அவர் தோளில் கையைப் போட்டான். நீங்கள் அளவுக்கு மீறி வேலை செய்கிறீர்கள், பார்க்கவே எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, உங்கள் சுமையைக் கொஞ்சம் குறைக்கப் போகிறோம், இனி டேரன் கோச் வேலையைப் பார்ப்பான், மற்றதுகளை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும் என்றான். மற்றதுகள் என்றால் கம்பம், கோடு, டெலிபோன், கவுன்சில், அழுக்கு ஜேர்சி. சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவருக்குச் சுமையாக இல்லாத ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா நல்லது, நல்லது என்று சொல்லி, டேரனின் சோற்றுக் கோப்பை வெறுமையாக இருந்ததைக் கண்டு, போய் அவனுக்குச் சோறு போட்டார்.

சமையலறையில் அம்மா அடுத்த கறியை இறக்கிக்கொண்டிருந்தார். ஹோலில் நடந்தது ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

"நான் கோச் வேலையைக் குடுத்திட்டன்," என்றார் அப்பா. "ஒரு இளம் பொடியன் செய்யட்டும். எனக்கும் களைப்பா இருக்கு."

"இப்பவாவது உங்களுக்குப் புத்தி வந்துதே," என்று அம்மா உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என்னைக் கையில் பிடித்துப் பின்கதவால் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, நீ கண்டதை அம்மாட்டச் சொல்லாதை," என்றார். "அவ சமைச்ச சாப்பாடு அது."

அதோடு அவர் கிளப்பை விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். விடவில்லை. அடுத்த சித்திரையில் பருவம் தொடங்கியபோது, பழையபடி குழாய்களைக் காரில் கட்டினார். நானும் போனேன், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று. முதலாவது இடைவேளையில் பையன்கள் வட்டமாக நின்றார்கள். உள்ளே டேரன் நின்று கத்திக்கொண்டிருந்தான். அப்பா தண்ணீர்ப் போத்தல்களோடு வட்டத்துக்கு வெளியே, முதுகுகளுக்குப் பின்னால், இடைவெளி தேடிக்கொண்டு நின்றார். ஒருவனும் திரும்பவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. வீட்டுக்குப் போவோம் வாங்கோ அப்பா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போனா, போஸ்டை ஆர் கழட்டுறது?" என்று கேட்டார்.

அந்தப் பதிலைக் கேட்ட நாளோடு நான் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன். கிளப்காரர்கள் எங்களுக்குச் செய்தது ஒரு துரோகம். அதற்குப் பிறகும் அவர்களுடைய அழுக்கைக் கழுவி என் கதிரையில் காயப்போட்டது எனக்கு அப்பா செய்த துரோகம் என்று அந்த வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன். மேசையில் கடலை பரப்புவது நின்றுபோனது. டேரன் இரண்டு பருவம் சம்பளம் வாங்கிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனான், கிரெக்கும் போனான். போகிற அன்று வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். அம்மாவும் அழுதார். நான் மேலே என் அறையை விட்டு இறங்கி வரவில்லை. அதற்கடுத்த வருடம் வேலையிடத்தில் அப்பாவின் முதுகு பிடித்துக்கொண்டது. கிளப்புக்கு வேறொருவர் கம்பம் நட வந்தார்.

அந்தப் பூங்காவில் இப்போது ஆட்டம் இல்லை. போன கோடையில் அந்தப் பக்கம் போனபோது, கோடு போட்ட இடமெல்லாம் உயரமாகப் புல் வளர்ந்து, பூச்சிகளுக்காக வெட்டாமல் விட்டிருப்பதாகப் பலகை ஒன்று நின்றது. கிளப் வேறெங்கோ மாறி, நன்றாகத்தான் இருக்கிறதாம். தலைமைக் கோச்சுக்கு ஒருவர், உடல் வைத்தியத்துக்கு ஒருவர், ஆள் சேர்க்க ஒருவர், மைதானத்துக்கு ஒருவர் என்று அப்பா தனியாகச் செய்ததற்கு இன்று ஒரு கூட்டமே இருக்கிறதாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் மாமாவின் பேரன். அவன் அங்கே ஆடச் சேர்ந்திருக்கிறான்.

போன மாதம் சட்டனில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். பேரன் பச்சை ஜேர்சியோடு வந்து நின்றதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைப் பக்கத்தில் இருத்தி, எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்குச் சொன்னதைச் சொல்லத் தொடங்கினார்.

"இவர்தான் உங்கட கிளப்பைத் தொடக்கினவர். சம்பளம் வாற நேரம் பார்த்து, தானா மனம் வந்து ஒரு வெள்ளைப் பொடியனுக்கு விட்டுக் குடுத்தவர். ஒருத்தரும் கேட்கேல்லை."

இந்தக் கதையை அம்மா சொல்கிற போதெல்லாம், அப்பா தலையைக் குனிந்தபடி ஒரு கணம் என்னைப் பார்ப்பார். முப்பது வருடமாக அதுதான் எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம். அன்று அவர் என்னைப் பார்க்கவில்லை. பேரனைப் பார்த்து, "ஓம் தம்பி, நான்தான் குடுத்தனான்," என்றார். குரலில் தயக்கம் எதுவும் இல்லை. நான் அவர் கண்ணைத் தேடிப் பார்த்தேன். அவர் அதை மெய்யாகவே நம்பிவிட்டார்.

இனி அந்தக் கைகள் உயர்ந்ததைக் கண்டவள் என்று நான் ஒருத்திதான் மிச்சம்.