ஈரத்துக்குக் கழிவு

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்களில் கோத்தகிரியில் பசுந்தேயிலையைப் போலவே காரும் மலிவாகக் கிடைத்தது. விலை நன்றாக இருந்த நாளில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டிகளைத் தோட்டக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்த ஒரு சிவப்புக் காரை வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்போது நான் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் இலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தோட்டக்காரர் கொண்டுவரும் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவுவேன். ஈரம் தட்டுப்பட்டால் எடையில் ஒரு பங்கைக் கழிப்பேன். மழை ஈரத்துக்கு ஒரு கழிவு. எடை ஏறட்டும் என்று தண்ணீர் தெளித்த மாதிரி தோன்றினால் அதைப்போல இரண்டு மடங்கு. தோன்றுவது யாருக்கு? எனக்குத்தான்.

கார் என் மனைவிக்காக. சர்க்கரையால் அவள் கண்ணுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர் வந்து லேசர் வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்று தவறினாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளோ மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் நாலாவது வளைவில் வாந்தியெடுப்பாள். குமட்டி முக்கினால் கசிவு கூடும் என்றும் அவர் சொன்னதிலிருந்து அவளை பஸ்ஸில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. நடுவழியில் நின்றுபோகாத ஒரு வண்டி வேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

இந்தக் காரோ தாழ்ந்து பதுங்கிய செடான். டிக்கி மேல் கறுப்பு இறக்கை, பளபளக்கும் அலாய் வீல், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் இன்ஜின் சுற்றுவதைக் காட்ட இன்னொரு முள். ஊரில் அதற்கு ரேஸ் கார் என்றே பெயர். விற்றவர் எங்கள் ஃபேக்டரிக்கே இலை போடும் நான்கு ஏக்கர் தோட்டக்காரர். அவர் மகன் வாங்கிய வண்டி. தேயிலை விழுந்ததும் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவர் கேட்டது அந்த மாதிரி வண்டிக்கு மற்றவர்கள் கேட்டதில் பாதிதான். அதுதான் எனக்கு உறுத்தியது.

இன்னொன்றும் உறுத்தியது. அந்தப் பருவம் முழுக்க அவர் மூட்டை எனக்குத் தீராத வழக்கு. ஃபேக்டரியில் வெயில் காயும். அவர் இலை மட்டும் சொட்டச் சொட்ட வரும். எங்க பக்கம் மழைங்க என்பார். நான் அண்ணாந்து வானத்தைக் காட்டிவிட்டு இரண்டு மடங்கு கழிப்பேன். இலையில் தண்ணீர் தெளிக்கிறவர் காரில் என்னென்ன செய்திருப்பாரோ என்று தோன்றாமல் இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் ஒரு காந்தத்தோடு காத்திருந்தேன். தேயிலைத்தூளில் இரும்புத் துகள் கலந்துவிடாமல் பிடிக்க ஃபேக்டரியில் வைத்திருப்பது. அதை வண்டி முழுக்க நகர்த்திப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் ஒட்டாமல் நழுவியது. நசுங்கிய தகரத்தை மூடப் பட்டி பூசியிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன், மகன் சில்வர் ஓக் மரத்தில் உரசியது என்று அவரே சொல்லிவிட்டார். தானாகச் சொன்னால் பெரிதாக வேறு எதையோ மறைக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்க மேட்டுப்பாளையம் ரோட்டில் போகலாம் என்றார். விற்கிறவன் காட்டும் ரோட்டில் எந்த வண்டிதான் ஓடாது? உங்கள் தோட்டத்துக்கே போகலாம் என்றேன். ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொண்டேன்.

வண்டி மேட்டில் முனகாமல் ஏறியது. இறக்கத்தில் அவர் நியூட்ரலில் விடாமல் இரண்டாவது கியரிலேயே இறக்கினார். பிரேக்கில் கோளாறு போலிருக்கிறது, அதை மிதிக்கப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்கை நானே வாங்கி ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது. அப்போது என் கால் விரிப்பில் பட்டது. ஈரம். குனிந்து பின்பக்கம் கையை விட்டுத் துழாவினேன். அங்கே இன்னும் ஈரம், புளித்த வாடை. பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. கீழே எங்கோ வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து மலையேற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். திரும்பிவிடலாம் என்றேன்.

அவர், அந்த முக்கு வரைக்கும் வாங்க என்றார்.

முக்கைத் திரும்பியதும் கண்ணாடியில் மழை சடசடவென்று அடித்தது. பின்கண்ணாடியில் பார்த்தேன். நாங்கள் வந்த சரிவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சாலை சகதியானதும் இலை எடுக்க வரும் ஃபேக்டரி லாரி இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டதாம். மழையில் பறித்த இலையைப் பின்சீட்டில் ஏற்றி ஃபேக்டரி முக்கு வரை வருவாராம். ரேஸ் காரில் இலை கொண்டுவருகிறான் என்று சிரிப்பார்கள் என்பதால் அதை அங்கேயே நிறுத்திவிட்டு மூட்டையைத் தோளில் சுமந்து வருவாராம். சீட்டெல்லாம் புளித்து நாறுவதால்தான் பாதி விலையாம். சீட்டுக்கு அடியில் நான் கையை விட்டபோது கறுத்து அழுகிய கொழுந்துகள் கையோடு வந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படியும், மனைவியின் கண் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "என் சம்சாரத்தை இதுல நம்பிக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னா அதையும் பாதியாக் கழிச்சுத்தான எடுத்துக்குவீங்க? நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

கேட்ட விலைக்கே வாங்கினேன். முதல் பயணத்தில் அவள் நாலாவது வளைவைத் தாண்டித் தூங்கிப்போனாள். ஒவ்வொரு மேட்டிலும் நான் இன்ஜினுக்குக் காது கொடுத்தபடியே ஓட்டினேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. லேசர் ஒன்றுகூடத் தவறவில்லை.

அடுத்த மழையில் அவர் ஃபேக்டரிக்கு வந்தார். இப்போது கார் இல்லை. அவ்வளவு தூரமும் தோளிலேயே சுமந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "அம்மணிக்குக் கண்ணு எப்படிங்க?" என்று முதலில் கேட்டார். தேவலை என்றேன். மூட்டைக்குள் கையை விட்டேன். சொட்டியது. வானம் பளிச்சென்று இருந்தது. மழைக்கு உள்ள ஒரு பங்கைக் கழித்து எழுதிச் சீட்டை நீட்டினேன்.

அவர் சீட்டை வாங்கவில்லை. வழக்கம்போல இரண்டாவது பங்கையும் கழிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.